நிறம் பாராத உறவு

வேடர் தலைவன் குகனைத் தம்பியாகத் தழுவிக்கொண்டான் இராமபிரான். குலமும் நிறமும் அங்கே குறுக்கே நிற்கவில்லை. நாம் வாழும் காலத்திலும் இதற்குச் சான்று உண்டு.

ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் அரச குலத்தில் பிறந்த செரெட்சே காமா, 1948இல் லண்டனில் ரூத் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணை மணந்தார். தந்தையை இழந்த அவரை வளர்த்த சிற்றப்பா கடுமையாக எதிர்த்தார். பெண்ணின் தந்தையும் ஏற்கவில்லை. ஆங்கில அரசோ தம்பதியரைத் தாயகத்திலிருந்தே விலக்கி வைத்தது. ஆயினும் அவர்கள் பிரியவில்லை. பின்னர்ச் சிற்றப்பாவின் மனம் இளகியது, பகை மறைந்தது, 1956இல் இருவரும் நாடு திரும்பினர். 1966இல் செரெட்சே அந்நாட்டின் முதல் குடியரசுத் தலைவரானார். கணவர் மறைந்த பின்னும் ரூத் அம்மையார் அம்மண்ணிலேயே வாழ்ந்து, 2002இல் கண்மூடினார்.

அயல்நாட்டு மருமகள் நம் வாசலிலும் வந்து நிற்கும் காலம் இது. நிறத்தை நோக்காமல் ஆரத்தித் தட்டை ஏந்துவோம். வருபவள் திருமகளே!