விதை திரும்பி வந்தது, அப்பாயி பாட்டு வரவில்லை

எங்கள் அப்பாயி போன தை மாதம் காலமானார். வயது 86. திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு முதல் ஆளாய்ப் போய் உட்காருவது அப்பாயிதான். இறந்தவர் என்ன பயிர் வைத்தார், யாருக்கு உதவினார், யாரிடம் ஏமாந்தார் என்று எல்லாமே அந்தப் பாட்டில் வரும். ஆனால் அப்பாயி சாவுக்குப் பாட ஊரில் ஆள் இல்லை. வாடகை ஒலிபெருக்கியில் யாரோ, எங்கேயோ, யாருக்கோ பாடிய ஒப்பாரி ஓடியது. "எங்க அம்மாவுக்கு ஊரான் பாட்டா?" என்று அத்தை அழுதது இன்னும் காதில் இருக்கிறது.

அப்பாயிக்குக் குடும்பமும் பாட்டும்தான் உலகம். தாத்தா சீக்கிரமே போய்விட்டார். இருந்தது மூன்று மா நிலம். அதையும் பார்த்துக்கொண்டு, கூலி நடவுக்கும் போய் நாலு பிள்ளைகளை ஆளாக்கினார். பேரப்பிள்ளைகள் நாங்கள் எல்லோருமே அவர் தாலாட்டில் தூங்கியவர்கள்தான். அதில் மாமன் கொண்டுவரும் சீர் வரும், எந்த ஊர், எந்த வாய்க்கால், என்ன நெல் என்றும் வரும். எங்கள் உறவுமுறையை நான் படித்தது தூளியில்தான்.

நடவுப் பாட்டைப் பற்றி நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். ஈசானி மூலையில் முதல் நாற்றை வைத்துக் குலவை போட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். அப்பாயி ஒரு அடி பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். வரிசையில் கை பிந்துகிறவள் பாட்டைப் பிடித்து முந்திக்கொள்வாள். அவசரக்காரி பாட்டுக்குக் கட்டுப்படுவாள். மேஸ்திரி அதட்டல் இல்லாமலே நடவு ஒரே சீராய்ப் போகும்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. "சந்தோஷத்துலயா பாடுனோம்? இடுப்பு வலி தெரியக் கூடாதுன்னு பாடுனோம்டா" என்று அப்பாயியே சொல்வார். கூலி நெல்லை அளக்கும்போது மரக்காலில் செய்யும் தில்லுமுல்லைக் கிண்டல் பண்ணியும் பாட்டு உண்டு. பண்ணையார் வரப்பில் நிற்கும்போதே பாடுவார்களாம். நேரில் சொல்ல முடியாததைப் பாட்டில் சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பாட்டு எப்படிப் போச்சு? 1966-க்குப் பிறகு ஐ.ஆர்.8 மாதிரி குட்டை நெல்லும் உரமும் வந்ததைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அதற்குப் பிறகு வேலை செய்யும் முறையும் மாறியதைப் பேசுவதில்லை. ஏக்கருக்கு இவ்வளவு என்று எங்கள் பக்கம் நடவு காண்ட்ராக்ட் ஆனது. சீக்கிரம் முடித்தால்தான் அடுத்த வயலுக்குப் போகலாம். பாட மூச்சு ஏது? அப்புறம் நடவு இயந்திரமும் வந்துவிட்டது.

இப்போது நாம் மரபு நெல்லுக்குத் திரும்பிவிட்டோம். ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் ஜெயராமன் அண்ணன் வைத்த வழக்கம் உங்களுக்குத் தெரியும். இரண்டு கிலோ விதை வாங்கினால் அடுத்த வருஷம் நாலு கிலோவாய்த் திருப்பித் தரணும். நானும் மாப்பிள்ளைச் சம்பா வாங்கிப் போட்டு நாலு கிலோ கொடுத்தேன். அந்த நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்ததும் அப்பாயி ஒரு பாட்டை எடுத்தார். நான் கதிரைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். போனில் நெல் படம் நூறு இருக்கிறது, அப்பாயி குரல் ஒன்றுகூட இல்லை.

போன சம்பாவில் ஒற்றை நாற்று நடவு போட்டேன். 15 நாள் நாற்று, 25 சென்டிமீட்டர் இடைவெளி. நடவு ஆட்கள் போனில் சினிமாப் பாட்டு வைத்திருந்தார்கள். அதில் வயதான ஒரு அம்மா சொன்னார்: "பாட்டக் கேட்டுக்கிட்டு நடுறது வேற தம்பி, பாடிக்கிட்டு நடுறது வேற." அவரைப் பாடச் சொன்னேன். ரெண்டு அடிக்கு மேல் நினைவில்லை. கூட வாங்கிப் பாடவும் ஆள் இல்லை.

விதைத் திருவிழாக்களில் நாட்டுப்புறப் பாட்டு இல்லாமல் இல்லை. சாப்பாட்டு இடைவேளையில், கூட்டம் கலையாமல் இருக்க, 'கலை நிகழ்ச்சி' என்று வைக்கிறோம். மேடையில் பேசுவது பெரும்பாலும் ஆண்கள். விதையைப் பொறுக்கி, வெயிலில் காயவைத்து, குதிரில் வேப்பிலையும் நொச்சியும் போட்டுக் காப்பாற்றிய பெண்கள் பந்தலின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இது சரியில்லை.

நான் கேட்பது இதுதான். உங்கள் வீட்டில், தெருவில் பாடத் தெரிந்த பாட்டி இருந்தால் இந்த வாரமே போய் உட்காருங்கள். போனில் பதிவு செய்யுங்கள். பெயர், ஊர், எந்த வேலைக்கு எந்தப் பாட்டு என்பதையும் எழுதி வையுங்கள். அடுத்த விதைத் திருவிழாவுக்கு அவர்களைப் பயிற்றுநர் என்றே அழையுங்கள், பயிற்றுநருக்குக் கொடுக்கும் தொகையையே கொடுங்கள். வயலில் காண்ட்ராக்ட் விடாமல் நாள் கூலி கொடுங்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலியாக. மூச்சு விட நேரம் இருந்தால்தான் பாட்டு வரும்.

விதைக்கு வைத்த கணக்கையே பாட்டுக்கும் வைப்போம். ஒரு பாட்டு கற்றுக்கொண்டால் இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுக்கணும். அத்தைக்கு அப்பாயியின் தாலாட்டில் பாதி ஞாபகம் இருக்கிறது. என் மகளை அத்தை பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறேன். எனக்குப் போனது போனதுதான். உங்கள் பாட்டி இன்னும் இருக்கிறார் இல்லையா?