மணற்கடன்

நுழையும்முன்
ஒரே நகரில் ஒரு கரை மணலால் அகன்றது. மற்றொரு கரை மணலின்றித் தேய்ந்தது. இரண்டிற்கும் காரணம் ஒன்றே. இழந்த கரையை மீட்பதற்கான செலவு யாருடையது என்னும் வினாவிற்கு இக்கட்டுரை விடை தேடுகிறது.

ஐவகை நிலங்களுள் கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் எனப்பட்டன. அந்நில மக்களுக்கு மணற்பரப்பே களமும் முற்றமும் ஆகும். படகை ஏற்றி நிறுத்துவதும், வலையைச் செப்பனிடுவதும், கருவாடு உலர்த்துவதும், பலர் கூடிக் கரைவலை இழுப்பதும் மணலின்மீதே நிகழ்கின்றன. இராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரையுள்ள மீனவக் குப்பங்கள் பலவற்றில் அம்மணற்பரப்பு இன்று இல்லை. கருங்கற் குவியல்களே கரையாக நிற்கின்றன.

மணல் நின்ற இடம்

இவ்விழப்பைக் கடலின் சீற்றம் என்று கூறிவிடுதல் எளிது. வரலாறு வேறு விடை தருகிறது. சென்னைக் கடற்கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்து அலைகள் மணலை வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றின்போது அதில் ஒரு பகுதி தெற்கே திரும்புகிறது. ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் வடக்கே செல்லும் மணலே மிகுதி.

சென்னைத் துறைமுகத்திற்கு 1875ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்டது. 1881ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்த அலைதடுப்புச் சுவர்கள் மீண்டும் எழுப்பப்பட்டன. கடலுக்குள் நீண்ட அச்சுவர்கள் கப்பல்களுக்கு அமைதியான நீரைத் தந்தன. வடக்கே சென்ற மணலைத் தடுக்கவும் செய்தன. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. புனித ஜார்ஜ் கோட்டையின் அருகே அலைவீசிய கடல் விலகிச் சென்றது. வடக்கிலோ, மணலின் வரவு குறைந்த பின்னும் அலைகள் அதனை எடுத்துச் செல்வது நிற்கவில்லை; இராயபுரக் கரை கரையத் தொடங்கியது.

மெரினாவில் நாம் உலவும் மணலில் ஒரு பங்கு, வடசென்னைக்குச் சென்று சேர்ந்திருக்க வேண்டியது. நாட்டின் வணிகம் வளர்வதற்காக ஒரு பகுதி மக்கள் தம் கரையை இழந்தனர். எனவே, அக்கரையை மீட்க ஒதுக்கப்படும் நிதியைச் சலுகை என்று கருதுதல் தவறு. அது நெடுநாள் நிலுவையில் உள்ள கடன்.

கல்லும் மணலும்

கடலரிப்பைத் தடுக்கப் பல பத்தாண்டுகளாகக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. பின்னர், 2004ஆம் ஆண்டையொட்டித் தூண்டில் வளைவுகள் அமைக்கப்பட்டன. கற்சுவர் வீடுகளுக்கும் சாலைக்கும் காவலாயிற்று. தூண்டில் வளைவுகளுக்கிடையே சில இடங்களில் மணலும் சேர்ந்தது. இப்பயன்களை மறுத்தல் ஆகாது. ஆயினும், கற்சுவரில் மோதித் திரும்பும் அலை அதன் அடியிலுள்ள மணலை அரிக்கிறது. தூண்டில் வளைவு தான் பிடித்துவைக்கும் மணலை அடுத்த ஊருக்குக் குறைக்கிறது. கல் மணலைக் காக்கலாம். மணலைத் தர இயலாது.

மணலைத் தரும் வழியும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 1960களில் கற்சுவர்கள் நீட்டிக்கப்பட்டதால், வடக்கேயுள்ள கோல்டு கோஸ்ட் கடற்கரை அரிக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டு முதல், தெற்கே சேரும் மணலை ஆற்றின் அடியே குழாய்வழிச் செலுத்தி வடகரையில் சேர்க்கின்றனர். அதன் செலவை நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து மாநில அரசுகள் பகிர்ந்துகொள்கின்றன. துறைமுகச் சுவர்களால் மணலை இழந்த புதுச்சேரியிலும், நீருள் மூழ்கிய தடுப்பமைப்பாலும் தூர்வாரிய மணலாலும் நகர்க்கரையின் ஒரு பகுதி அண்மையில் மீட்கப்பட்டுள்ளது.

செலவு யாருடையது?

கொட்டிய மணலை அலை மீண்டும் கொண்டுசெல்லும். ஆதலால் இது கடலில் பணத்தைக் கரைப்பதாகும் என்பர் சிலர். மணல் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பது உண்மை. கப்பல் செல்லும் வழியையும் ஒருமுறை தூர்வாரியதோடு விட்டுவிடுவதில்லை. அச்செலவை வீண் என்று எவரும் கூறுவதில்லை. கப்பலின் வழிக்குப் பொருந்தும் நியாயம் படகின் கரைக்கும் பொருந்தும்.

நிதியின் அளவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1990 முதல் 2018 வரையிலான ஆய்வில், தமிழகக் கடற்கரையில் 42.7 விழுக்காடு அரிப்புக்கு உள்ளானதாகத் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் கண்டறிந்தது. பதினைந்தாவது நிதிக்குழு, 2021-26 காலத்திற்குக் கடலரிப்பு, ஆற்றரிப்பு ஆகியவற்றைத் தணிக்க 1,500 கோடி ரூபாயும், அவற்றால் இடம்பெயர்ந்தோரின் மறுவாழ்விற்கு 1,000 கோடி ரூபாயும் பரிந்துரைத்தது. இது நாடு முழுமைக்குமான தொகை, வரவேற்கத்தக்கதாயினும் போதுமானதன்று.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறியை, தமிழகத் தோல் தொழிற்சாலைகள் தொடர்பான வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்நெறியின் உட்பொருள் இங்கும் பொருந்தும். மணலின் வழியை மறித்துப் பயன்பெறும் துறைமுகங்கள், தம் ஆண்டுச் செலவுத் திட்டத்திலேயே மணலை வடகரைக்கு மாற்றும் செலவையும் சேர்த்தல் வேண்டும். குறையும் தொகையை அரசுகள் ஏற்கலாம். எங்கே, எப்பொழுது மணல் இடுவது என்பதை முடிவுசெய்யும் அவையில், காற்றையும் நீரோட்டத்தையும் நாள்தோறும் கணிக்கும் மீனவர்களுக்கு இடமளித்தல் வேண்டும். இட்ட மணலின் அளவும் நின்ற மணலின் அளவும் ஆண்டுதோறும் மக்களுக்கு அறிவிக்கப்படுதல் வேண்டும்.

துறைமுகமும் நமக்குத் தேவை. கடற்கரையும் நமக்குத் தேவை. ஒன்றின் பயனை நாடு முழுவதும் நுகரும்போது, மற்றொன்றின் இழப்பை ஒருசில குப்பங்கள் மட்டும் சுமப்பது அறமாகாது.