வாலை ஆட்டுவது யார்?

தமிழ்நாட்டில் ஆங்கிலம் தெரிந்தவர்களைக் கணக்கெடுக்கும்போது நாய்களை விட்டுவிடுகிறார்கள். அநியாயம். மூன்றாம் வகுப்பைத் தாண்டாத பாட்டி கூட வீட்டு நாயிடம் 'ஜிம்மி, கம்! சிட்! நோ, நோ!' என்றுதான் பேசுகிறார். பேரனைக் 'கட்டையில போறவனே' என்று கூப்பிடுகிறவர், நாயிடம் மட்டும் கான்வென்ட் டீச்சர்.

நாய்க்கு இதில் ஆட்சேபணை கிடையாது. அதற்கு ஆங்கிலமும் ஒன்றுதான், அரபியும் ஒன்றுதான். அது கவனிப்பது உங்கள் கையை, தோளை, குரலை. முக்கியமாக, சட்டைப் பையில் இருக்கும் பிஸ்கட்டை.

தகராறு எங்கே வருகிறதென்றால், சோபாவில் ஏறிய நாயைப் பார்த்து அப்பா 'டவுன்' என்கிறார். அம்மா 'இறங்கித் தொலை' என்கிறார். பையன் 'ஆஃப்' என்கிறான். மூன்றுக்கும் அர்த்தம் ஒன்றுதான் என்று நாய்க்கு யார் சர்க்குலர் அனுப்பியது? ஒரு காரியத்துக்கு ஒரு சொல். வீடு முழுக்க அதே சொல். அது தமிழாக இருந்தால் உத்தமம். கோபம் வந்தால் எப்படியும் நீங்கள் தமிழுக்குத்தான் வரப் போகிறீர்கள்.

★

நான் கால்நடை மருத்துவம் படித்தவனில்லை. வெறும் பி.காம். ஆனால் நாயைப் புரிந்துகொள்ள பி.காம். தாராளமாகப் போதும். ஏனென்றால் நாயைப் போலக் கறாரான கணக்குப்பிள்ளை உலகத்தில் இல்லை. எதைச் செய்தால் வரவு, எதைச் செய்தால் ஒன்றும் தேறாது என்று நாள் முழுக்க லெட்ஜர் எழுதிக்கொண்டே இருக்கிறது.

உதாரணம்: ஆபீஸ் விட்டு வருகிறீர்கள். நாய் பாய்ந்து வந்து இரண்டு காலையும் உங்கள் வெள்ளைச் சட்டையில் வைக்கிறது. 'ச்சீ, தள்ளிப் போ' என்று இரண்டு கையாலும் தள்ளுகிறீர்கள். உங்கள் கணக்கில் அது தண்டனை. நாயின் கணக்கில்? எஜமான் பார்த்தார், வரவு. பேசினார், வரவு. இரண்டு கையாலும் தொட்டு விளையாடினார், போனஸ்! நாளைக்கு இன்னும் உயரமாகத் தாவும்.

மருந்து சுலபம், கடைப்பிடிப்பதுதான் கஷ்டம். தாவினால் மரம் மாதிரி நில்லுங்கள். பார்க்காதீர்கள், பேசாதீர்கள், தொடாதீர்கள். நாலு காலும் தரையில் பட்ட அந்த வினாடியில் குனிந்து கொஞ்சுங்கள். பத்து நாள் இப்படி நடந்தால் லெட்ஜரில் புதுப் பக்கம் விழும்.

ஆனால் ஒன்பது நாள் மரமாக நின்றுவிட்டு, பத்தாவது நாள் இன்கிரிமென்ட் வந்த சந்தோஷத்தில் 'வாடா செல்லம்' என்று தாவலை அங்கீகரித்தீர்களோ, தொலைந்தது. எப்போதாவது விழும் பரிசுக்கு இருக்கிற கவர்ச்சி, தினமும் கிடைக்கும் பரிசுக்குக் கிடையாது. தமிழ்நாட்டில் 2003ல் லாட்டரியைத் தடை செய்யும் வரை, ஒரு தடவை நூறு ரூபாய் விழுந்த ஆசாமி அடுத்த பத்து வருஷம் சீட்டு வாங்கினாரே, ஞாபகம் இருக்கிறதா? அதே வியாதிதான்.

இன்னொன்று. ஒரு கெட்ட பழக்கம் போவதற்கு முன்னால் சில நாள் அதிகமாகும். இத்தனை நாள் பலித்த வித்தை இன்று ஏன் பலிக்கவில்லை என்று நாய் இன்னும் பலமாக முயன்று பார்க்கும். 'கிளியரன்ஸ் சேல்' கடைசி நாள் கூட்டம் மாதிரி. அன்றைக்கு மனம் தளர்ந்து ஷட்டரைத் திறந்துவிடாதீர்கள்.

★

'எங்க வீட்டு நாய் தப்பு பண்ணினா அதுக்கே தெரியும் சார். மூஞ்சியைப் பார்த்தாலே சொல்லிடலாம்' என்பவர்களை நிறையச் சந்தித்திருக்கிறேன். காதை மடக்கி, தலையைத் தாழ்த்தி, ஓரக்கண்ணால் பார்க்குமாம்.

அமெரிக்காவில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அம்மையார் 2009ல் இதைச் சோதித்துப் பார்த்தார். 'தின்னக் கூடாது' என்று சொல்லி நாயின் முன்னால் பண்டத்தை வைத்துவிட்டு எஜமானர் வெளியே போய்விட வேண்டும். திரும்பி வந்ததும், சில சமயம் தின்னாத நாயையே 'தின்றுவிட்டது' என்று போட்டுக் கொடுத்தார்கள். முடிவு? திருட்டு முழி வந்தது குற்றத்தைப் பொறுத்து அல்ல, திட்டைப் பொறுத்து. தப்பே செய்யாத நாய்களும் திட்டு விழுந்ததும் குற்றவாளி மாதிரி நின்றன. மாதக் கடைசியில் மேனேஜர் கூப்பிட்டால் நம் முகம் போவது மாதிரி. ஃபைல் சரியாகத்தான் இருக்கும். முழி மட்டும் சரியாக இருக்காது.

ஆகவே, காலையில் ஹாலில் போன மூத்திரத்துக்கு மாலை ஆறு மணிக்கு மூக்கைத் தேய்த்துப் பிரயோஜனம் இல்லை. நாய்க்குப் புரிவது ஒன்றுதான்: 'இந்த மனுஷன் ஆறு மணிக்கு வந்தால் ஆபத்து.' குட்டிக்குக் கொள்ளளவு குறைவு. இரண்டு மாதக் குட்டியால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுங்கள். அங்கே போனால் அந்த இடத்திலேயே பரிசு. உள்ளே போனால் வாசனை மிச்சமில்லாமல் கழுவுங்கள். மூக்கு சொல்லும் இடம்தான் அதற்கு டாய்லெட்.

★

எங்கள் மேல் மாடி மாமா வேறு கட்சி. 'நாலு சாத்து சாத்தணும் சார். வீட்டுக்கு எஜமான் யாருன்னு காட்டிடணும். ஓநாய்க் கூட்டத்துல எல்லாம் அப்படித்தான்.'

இந்த ஓநாய்க் கதைக்கு ஒரு பூர்வோத்தரம் உண்டு. ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தில் பாஸல் மிருகக்காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து 1947ல் எழுதினார். அடிதடிப் போட்டி, அதில் ஜெயிப்பவர் தலைவர் என்று. டேவிட் மெக் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் 1970ஆம் வருஷத்துப் புத்தகம் அதை உலகமெங்கும் பரப்பியது. பிறகு அதே மெக், காட்டில் சுதந்திரமாகத் திரியும் ஓநாய்களைப் பல வருஷம் கூடவே இருந்து பார்த்துவிட்டு 1999ல் எழுதியது வேறு: ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள். நாற்காலிச் சண்டை எல்லாம் இல்லை, வெறும் குடும்பம்.

அதாவது ஹாஸ்டல் மெஸ் க்யூவில் நடந்த தள்ளுமுள்ளைப் பார்த்துவிட்டு, தமிழ்க் குடும்பமே இப்படித்தான் என்று எழுதியது போல.

அடியில் இன்னொரு ஆபத்து உண்டு. உறுமல் என்பது நாய் தரும் நோட்டீஸ். 'எனக்குப் பிடிக்கவில்லை, விலகிப் போ' என்று முறைப்படி எழுத்துமூலம் தெரிவிக்கிறது என்று வையுங்கள். நோட்டீஸ் கொடுத்ததற்கு அடித்தால் அடுத்த தடவை நோட்டீஸ் வராது. நேரே கடிதான். 'திடீர்னு கடிச்சுடுச்சு சார்' என்கிற கேஸ்களில் பாதிக்கு மேல் திடீரென்று நடந்தவை அல்ல என்பது என் சந்தேகம்.

★

நண்பன் ஒருவன் 2020 ஊரடங்கில் லாப்ரடார் குட்டி வாங்கினான். இரண்டு பெட்ரூம் ஃப்ளாட். பெயர் ரோமியோ. வீட்டிலிருந்தே வேலை என்பதால் ரோமியோ இருபத்து நாலு மணி நேரமும் மடியில். மீட்டிங்கில் எல்லாம் முகம் காட்டினான்.

2022ல் ஆபீஸ் திரும்பக் கூப்பிட்டது. கணவன், மனைவி இருவரும் காலை எட்டரைக்குக் கிளம்பினால் இரவு ஏழு. ரோமியோ கதவைப் பிறாண்டினான், சோபாவைப் பிரித்தான், நாள் முழுக்க ஊளையிட்டான். அசோசியேஷனிலிருந்து முதல் கடிதம் வந்தது, இரண்டாவது வந்தது. மூன்றாவது கடிதத்தோடு நண்பன் என்னிடம் வந்தான்.

'செங்கல்பட்டு பக்கம் ஒரு ஃபார்ம் ஹவுஸ் இருக்காம்டா. அங்கே விட்டுடலாம்னு பார்க்கறேன். ஓடி ஆடி சந்தோஷமா இருக்கும்.'

'யாரோட ஃபார்ம் ஹவுஸ்?'

பதில் இல்லை.

இந்த ஃபார்ம் ஹவுஸைப் பற்றி நிறையப் பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். யாரும் அட்ரஸ் சொன்னதில்லை. பல கேஸ்களில் அது ஹைவே ஓரம், கார்க் கதவு திறக்கும், ஒரு பிஸ்கட் பாக்கெட் வெளியே விழும், கார் கிளம்பிவிடும். பழக்கமில்லாத வெயிலில், லாரிகளுக்கு நடுவே, கழுத்துப் பட்டையோடு நிற்கும் நாயை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வரும் ஒவ்வொரு காரையும் அது எட்டிப் பார்க்கும். 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, பசிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி பிராணியைக் கைவிடுவது குற்றம். சட்டம் வந்தபோது முதல் தடவைக்கு அபராதம் அதிகபட்சம் ஐம்பது ரூபாய்! பயந்து திருந்துகிற தொகையா அது?

ரோமியோ பழிவாங்கவில்லை. அவனுக்கு பயம். பிறந்ததிலிருந்து தனியாகவே இருந்து பழகாதவனை, ஒரு திங்கட்கிழமையிலிருந்து பத்தரை மணி நேரம் தனியே பூட்டினால் யாருக்கும் அப்படித்தான். ஷெல்ஃபில் செல்போனை வைத்துப் படம் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். கதவு சாத்தி மூன்றாவது நிமிஷமே நடுங்க ஆரம்பித்திருந்தான். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு நண்பன் ஃபார்ம் ஹவுஸ் பேச்சை எடுக்கவில்லை.

கால்நடை டாக்டரிடம் காட்டினார்கள். உடம்பில் கோளாறில்லை என்றார். பிறகு வைத்தியம் ஆரம்பமானது. இருவரும் ஆபீஸில் பேசி மாற்றி மாற்றி லீவு போட்டார்கள், வீட்டிலிருந்து வேலை வாங்கினார்கள். சாவியை எடுப்பது, ஷூ போடுவது, ஆனால் போகாமல் உட்கார்ந்து பேப்பர் படிப்பது. சாவிச் சத்தத்துக்கு இருந்த பீதி முதலில் போனது. பிறகு வெளியே போய் அரை நிமிஷத்தில் திரும்புவது. அப்புறம் ஒரு நிமிஷம், மூன்று, ஐந்து. அவன் பதறுவதற்கு முன்னால் திரும்ப வேண்டும், அதுதான் சூட்சுமம். காலையில் நாற்பது நிமிஷம் நடை. மூக்கால் தேடித் தின்னும்படி வீட்டில் அங்கங்கே ஒளித்து வைத்த தீனி. கீழ் வீட்டு ரிட்டயர்டு பெரியவர் மதியம் வந்து ஒரு மணி நேரம் துணைக்கு இருக்க ஒப்புக்கொண்டார். அவருக்கும் பேச ஆள் வேண்டியிருந்தது.

நாலு மாதம் ஆயிற்று. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். இடி இடித்தால் இன்னும் ஊளை உண்டு. ஆனால் நாலாவது கடிதம் வரவில்லை.

★

குட்டி வாங்கப் போகிற இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. அழகைப் பார்க்காதீர்கள், பரம்பரைத் தொழிலைப் பாருங்கள். லாப்ரடார், சுட்ட பறவையை வாயில் கவ்விக் கொண்டுவரப் பழக்கிய ஜாதி. உங்கள் செருப்பை அது கவ்வுவது குறும்பு அல்ல, உத்தியோகம். பீகிளுக்கு மூக்கே மூலதனம். பூங்காவில் நீங்கள் கூப்பிடுவது காதில் விழாது. சிப்பிப்பாறை, முயலைத் துரத்திப் பிடித்த வேகக்காரன். 2005ல் தபால்தலை கண்ட ராஜபாளையம், காவலுக்குப் பேர்போனது. இவர்களை எட்டுக்குப் பத்து பால்கனியில் கட்டுவது, ஊர் ஊராகச் சுற்றும் சேல்ஸ் ரெப்பை ரெக்கார்டு ரூமில் உட்கார வைப்பது போல. டேபிளைக் கடிக்காமல் என்ன செய்வார்?

தினம் ஒரு மணி நேரம் தர முடியுமா என்று முதலில் உங்கள் டயரியைக் கேளுங்கள். பதினான்கு வருஷம் வரை போகக்கூடிய ஃபிக்ஸட் டெபாசிட் இது. நடுவில் உடைக்க முடியாது.

கொசுறு: மணியடித்தால் நாய்க்கு எச்சில் ஊறும் என்று காட்டிய ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவுக்கு 1904ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆனால் அதற்காக அல்ல, ஜீரணத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக. பதினோரு மணிக்கு டீ டிரே சத்தம் கேட்டதும் உங்கள் செக்‌ஷன் மொத்தமும் ஒரே நேரத்தில் தலை நிமிர்கிறதே, அதைச் செய்து காட்டிய கான்டீன் பையனுக்கும் இதுவரை யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை.