பதினெட்டு வயதிற்கு அப்பால்

ஆட்டிசம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, மூளை முடக்குவாதம் முதலியவற்றோடு வளரும் குழந்தைகளுக்குக் கல்வியும் பயிற்சியும் அளிக்க வேண்டுமென்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. ஆனால் அக்குழந்தைகள் வளர்ந்து வாலிபப் பருவம் எய்தியதும் அவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டால், அதிகாரிகளும் மௌனம் சாதிக்கிறார்கள். ஊராரும் மௌனம் சாதிக்கிறார்கள். திண்டுக்கல் ஜில்லாவில் செம்பட்டியைச் சுற்றியுள்ள கிராமங்களை முன்னிட்டு இவ்விஷயத்தை நாம் இன்று எடுத்துக்கொள்கிறோம்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. பள்ளிக்கு வர இயலாத குழந்தையின் வீட்டிற்கே சிறப்பாசிரியர் சென்று கற்பிக்கும் முறையும் உண்டு. இவை மெச்சத் தக்கவையே. ஆயினும் பதினெட்டு வயது பூர்த்தியான தினத்தோடு ஆசிரியரின் வருகை நின்றுவிடுகிறது. பல ஆண்டுகள் அரும்பாடுபட்டுக் கற்ற பழக்கங்கள், பயில இடமின்றிச் சில மாதங்களில் தேய்ந்துபோகின்றன. பையன் திண்ணையில் முடங்குகிறான். பெண்ணோ கதவுக்குப் பின்னால் மறைக்கப்படுகிறாள். அவர்களைக் காக்கும் பொருட்டுத் தாயார் கூலி வேலையை விட்டு வீட்டிலிருக்க நேர்கிறது. அன்றாடக் கூலியை நம்பிய குடும்பத்தில் இதனால் இரண்டு ஜீவன்களின் உழைப்பு வீணாகிறது.

இவ்வளவில் கஷ்டம் தீர்ந்தபாடில்லை. 1875-ஆம் ஆண்டின் சட்டப்படி 18 வயது எய்தியவர் மேஜர். அதன்பின் அவர் பெயரிலுள்ள பணத்தையோ நிலத்தையோ பற்றிப் பெற்றோர் தாமாகவே கையொப்பமிட இயலாது. இதற்காகவே 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் செய்யப்பட்டது. ஜில்லா கலெக்டரைத் தலைவராகவும், பதிவு பெற்ற ஸ்தாபனத்தின் பிரதிநிதி ஒருவரையும் மாற்றுத் திறனாளி ஒருவரையும் அங்கத்தினராகவும் கொண்ட குழு, தக்க விசாரணை செய்து பாதுகாவலரை நியமிக்கும். கோர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை. எனினும் இப்படி ஒரு குழு இருப்பதை அறியாத பெற்றோர் கிராமங்களில் அநேகர். பாதுகாவலர் என்ற பெயரால் வளர்ந்த மகனின் விருப்பத்தை அடியோடு புறக்கணிக்கலாகாது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அவரோடு கலந்து, பரஸ்பர நம்பிக்கையோடு, தேவையான அளவுக்கு மட்டுமே முடிவு செய்ய வேண்டுமென்பதே 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கருத்து.

அரசாங்கம் பண உதவியும் செய்கிறது. அறிவுசார் குறைபாடுடையோர் உள்ளிட்ட சில பிரிவினருக்குத் தமிழகத்தில் வழங்கப்படும் பராமரிப்புத் தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அரசாங்க உத்தியோகங்களில் மாற்றுத் திறனாளிகளுக்கென ஒதுக்கப்பட்ட 4 சதவீதத்தில் 1 சதவீதம் ஆட்டிசம் முதலிய பிரிவினருக்குப் பொதுவாக உள்ளது. ஆனால் எழுத்துத் தேர்வைத் தாண்டி அந்த உத்தியோகத்தை எட்டக்கூடியவர் எத்தனை பேர்? மற்றவர்களுக்கு உதவித்தொகை பசியை ஓரளவு ஆற்றலாம். காலையில் எழுந்து செல்ல ஓர் இடமும், கைக்கு ஒரு வேலையும், தன்னைப் பெயர் சொல்லி அழைக்கும் நாலு பேரும் அந்தத் தொகையால் கிடைத்துவிடுவதில்லை. நாம் வேண்டுவது இவற்றையே.

இதற்குச் செம்பட்டி ஏற்ற ஸ்தலம். திண்டுக்கல்–வத்தலக்குண்டு சாலையும் பழனி–மதுரை சாலையும் அங்கே சந்திக்கின்றன. சாதாரண நகரப் பஸ்களில் மாற்றுத் திறனாளியும் உடன்வரும் துணையாளரும் 2021 முதல் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். ஆகவே காலையில் வந்து மாலையில் வீடு திரும்பத்தக்க ஒரு தொழிற்கூடம் அங்கே அமையுமானால் நாற்புறத்துக் கிராமங்களுக்கும் பயன்படும். வேலைக்கும் பஞ்சமில்லை. நிலக்கோட்டைப் பூவும் சின்னாளபட்டிக் கைத்தறியும் அருகிலேயே இருக்கின்றன. ஆட்டிசம் உள்ளவர்களில் பலர் ஒரே வேலையை ஒரே ஒழுங்கில், நாள்தோறும் அதே வேளையில் செய்வதை விரும்புவர். தரம் பிரிப்பது, எண்ணி அடுக்குவது, கட்டுவது, நூல் சுற்றுவது போன்ற வேலைகளில் இக்குணம் குறையாகாது, தகுதியேயாகும். சந்தையின் இரைச்சலையும் கூட்டத்தையும் தாங்க மாட்டாதவருக்கு அமைதியான ஓர் அறை போதும்.

கைத்தொழிலின் வாயிலாகவே கல்வி என்ற கொள்கையைக் காந்தியடிகள் 1937-ல் வார்தாவில் நாட்டின் முன் வைத்தார். அக்கொள்கையில் ஊறிய டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் 1947-ல் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினார்கள். செம்பட்டிக்கு எட்டும் தூரத்திலேயே பல்கலைக்கழக அந்தஸ்துப் பெற்ற கிராமிய நிறுவனம் இருக்கும்போது, பயிற்சியளிக்க ஆளில்லை என்று சொல்வது பொருந்தாது.

சிற்றூரில் இது நடக்குமா என்று ஐயுறுவோர் தென்காசியை அடுத்த ஆய்க்குடியைப் பார்க்கட்டும். கழுத்தெலும்பில் அடிபட்டுக் கைகால் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981-ல் அங்கே தொடங்கிய அமர் சேவா சங்கம், இன்று சுற்றுப்புறக் கிராமங்கள் பலவற்றிற்கும் தொண்டு செய்யும் ஸ்தாபனமாக வளர்ந்திருக்கிறது. பெரிய பட்டணமும் பெரிய மூலதனமும் அதற்கு முதற்காரணமல்ல. ஒருவரின் உறுதியும் ஊராரின் ஒத்துழைப்புமே காரணம்.

2011-ஆம் ஆண்டு ஜனக்கணக்கில் தமிழகத்தின் மாற்றுத் திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர் எனக் கண்டது. அதில் ஆட்டிசத்திற்குத் தனி இனமே இல்லை. கணக்கில் ஏறாதவர்களுக்குத் திட்டம் வகுப்பது எங்ஙனம்? ஒவ்வோர் ஊராட்சியும் தன் எல்லைக்குள் 14 வயது கடந்த இத்தகைய பிள்ளைகளின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். பள்ளியை விடுவதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாகவே அவரவர்க்கேற்ற தொழிலும் பயிற்சியும் நிச்சயிக்கப்பட வேண்டும். கலெக்டரின் பாதுகாவலர் குழு ஆண்டுக்கு இருமுறையேனும் தாலூகாக்களுக்கு வந்து மனுக்களை விசாரிக்க வேண்டும். ஒவ்வோர் ஊராட்சியிலும் ஒரு மாற்றுத் திறனாளியை நியமன உறுப்பினராக்க 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டசபை சட்டம் நிறைவேற்றியது. அந்த இடத்தில் அமர்பவர் தொழிற்கூடத்தைத் தம் முதற்கடமையாகக் கொள்ளலாம்.

"எங்களுக்குப் பின் யார்?" என்பதே இப்பிள்ளைகளைப் பெற்றோரின் ஓயாத கவலை. நெஞ்சிலே அக்கேள்வியைச் சுமந்துகொண்டு அவர்கள் கண்ணை மூடும்படி விடுவது ஒரு சமூகத்திற்கு அழகல்ல. "நாங்கள் இருக்கிறோம்" என்று ஊர் சொல்ல வேண்டும். அதைச் செம்பட்டி முதலில் சொல்லட்டும். ஜில்லா முழுவதும் பின்தொடரும்.