கச்சேரிப் பதிவில் பேஸ் குறையட்டும், நாதம் வேண்டாம்!

கச்சேரி ரெக்கார்டிங்குகளில் அடிக்கடி நடக்கும் கொடுமை இது. பாடகர் எங்கோ கிணற்றுக்குள் இருந்து பாடுவார். மிருதங்கத்தின் தொப்பி மட்டும் காதுக்குள்ளேயே 'தொம் தொம்' என்று இடிக்கும். ஹெட்ஃபோனில் கேட்டால் தலைவலிதான் மிச்சம்!

வித்வான் மேல் பழி போடக்கூடாது. மேடையில் வழக்கமாக வைக்கும் மைக்கை வாத்தியத்துக்கு மிக அருகில் கொண்டுபோனால் பேஸ் தானாகவே கூடும். ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்தால் கேட்கவே வேண்டாம்.

இதைச் சரிசெய்ய ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே போதும். 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டலாம். அங்கே பெரும்பாலும் மேடை அதிர்வும் ஏ.சி. இரைச்சலும்தான். பிறகு 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை 3, 4 டெசிபல் குறைத்துக் கேட்டுப் பார்க்கலாம்.

ஆனால் சிலர் ஆர்வக்கோளாறில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே மொத்தமாகத் துடைத்துவிடுகிறார்கள். இது தவறு. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகரின் மந்த்ர ஸ்தாயி பஞ்சமமே சுமார் 98 ஹெர்ட்ஸ்தான். குரலின் கனமே போய்விடும். தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புவதும் அந்த ஆழமான நாதத்துக்காகத்தானே? அதை எடுத்துவிட்டால் மிருதங்கம் வெறும் தகர டப்பா!

இன்னொன்று... பதிவாகும்போதே ஒலி அளவு மீறி உடைந்திருந்தால், எந்த ஈக்வலைசரும் காப்பாற்றாது. ரெக்கார்டிங் லெவலைக் குறைத்து வைப்பதுதான் முதல் வைத்தியம்.

எதைச் செய்தாலும் நகலில் செய்ய வேண்டும். மூலப் பதிவு இருந்தால் நாளை வேறொருவர் இன்னும் நன்றாகச் சரிசெய்வார். அழித்த நாதம் திரும்பி வராது.