நெஞ்சின் துயருக்கு மொழிபெயர்ப்பாளரா?

வேலித் தகராற்றுக்கு மொழிபெயர்ப்பாளர் உண்டு. நெஞ்சின் வேதனைக்கு இல்லை. இதுவன்றோ இந்நாட்டில் தமிழ் பேசும் குடிமகனின் நிலை! 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 24 ஆம் உறுப்புரையில், நீதிமன்ற மொழியை அறியாத வழக்காளிக்கு அரசே மொழிபெயர்ப்பு வசதி அளித்தல் வேண்டும் என விதிக்கின்றது. மிளகுக் கொடி எல்லை தாண்டிப் படர்ந்ததென்று வழக்கெழுந்தால், யட்டவத்த விவசாயி மன்றில் தன் மொழியிலேயே வாதாடலாம். அவர் மகள் பிள்ளை பெற்றபின் உண்ணாமலும் உறங்காமலும் சுவரை வெறித்திருப்பாளாயின், அத்துயரை எவரிடம், எம்மொழியிற் சொல்வது? பக்கத்து லயத்துப் பையனை இடையில் நிறுத்தி, தன் கணவனைப் பற்றி அவள் வாய் திறப்பாளா?

காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கப் பேச்சு அதிகம் வேண்டியதில்லை. உளச் சிகிச்சைக்கோ பேச்சே மருந்து. நோயாளியின் மொழியறியாத உளவியலாளர் கையிற் கருவியில்லாத வைத்தியரை ஒப்பர்.

இத்தகையோர் வேண்டாத மண்ணா இது? கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியே மாத்தளைக்கு நடந்துவந்தோர், கொள்ளை நோயாலும் பசியாலும் வழிநெடுக மாண்டனர். அவர் சந்ததியின் குடியுரிமையை 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டம் பறித்தது. 1983 இல் மாத்தளையே எரிந்தது. 1995 இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் மாண்டனர். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று அது. கொடிய கிருமிநாசினிகள் தடைசெய்யப்பட்டபின் அவ்விகிதம் பெரிதும் குறைந்தது, நன்று. போத்தலை அகற்றினார்கள், போத்தலைத் தேடிய உள்ளத்தைக் கேட்டவர் எத்தனை பேர்?

கேட்கவல்லவர் உருவாகும் பாதையைப் பாருங்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சிகிச்சை உளவியல் முதுதத்துவமாணிப் பயிற்சி ஆங்கிலத்தில் நடைபெறுவது. பட்டப்பின் பயிற்சிகள் பெரும்பாலும் உளவியலிற் சிறப்புப் பட்டத்தை எதிர்பார்க்கின்றன. சிறப்புப் பட்டத்துக்கான தெரிவோ முதலாம் ஆண்டுப் பெறுபேற்றைக் கொண்டு முடிந்துவிடுகின்றது. தோட்டப் பாடசாலையிலிருந்து வரும் பிள்ளை, இப்படியொரு தெரிவு உண்டென்று அறியுமுன்னரே வாயில் மூடப்படுகின்றது! மூன்றாண்டுப் பொதுப்பட்டத்துடன் வெளியேறி, அதன்பின் விண்ணப்பப் படிவத்தைக் கையிலெடுத்து என்ன பயன்?

“தகுதியைப் பார்க்கின்றோம், மொழியைப் பார்ப்பதில்லை” என்பர் சிலர். நோயாளியோடு பேசத் தெரிவது இத்தொழிலில் தகுதியாகாதா? ஆங்கிலத்தில் வல்லவராயினும் தமிழ் அறியாதவர் மாத்தளை நோயாளியின் முன் பாதித் தகுதியுடையவரே.

சட்டம் கைகொடுக்குமா? 21 ஆம் உறுப்புரை தேசிய மொழிகளிற் கல்வி பெறும் உரித்தைத் தருகின்றது. அடுத்த வரியிலேயே, தேசிய மொழியல்லாத மொழியிற் போதிக்கும் உயர்கல்வி நிறுவனத்துக்கு அது பொருந்தாதென்று விலக்கும் அளிக்கின்றது. முன்கதவாற் கொடுத்ததைப் பின்கதவால் வாங்கிய வித்தை இது. ஆதலின் மன்றத்தை நம்பியிருத்தல் போதாது. அரசியற் கோரிக்கையாகவே இதனை எழுப்புதல் வேண்டும். ஆங்கிலத்தை விரட்டுமாறு நாம் கேட்கவில்லை. நூல்களை ஆங்கிலத்திற் பயிலட்டும். நோயாளியோடு பழகும் பயிற்சியில் ஒரு பகுதியேனும் தமிழில் நடைபெறட்டும். அனுமதிக்கும் நேர்முகத்தில் தமிழறிவுக்குப் புள்ளி வழங்கட்டும். மலையகப் பட்டதாரிகளுக்கு ஓராண்டு ஆயத்த வகுப்பை அரசு தன் செலவில் நடத்தட்டும்.

எம்மவரையும் சும்மா விடுவதற்கில்லை. மருத்துவர், பொறியியலாளர், சட்டத்தரணி என்னும் மூன்று சொற்களுக்கு மேல் அறியாத பெற்றோர் எத்தனை பேர்! (சட்டத்தரணிகள் போதிய அளவு உள்ளோம், நம்புங்கள்.) உளவியல் படிக்க விரும்பும் மகளை, “பைத்தியக்காரரோடு பழகவா?” என்று அடக்குவோர், அதே மகள் நோயுற்றால் பூசாரியையன்றி வேறு யாரைத் தேடுவர்? சில வாரங்களில் உளவளத்துணைச் சான்றிதழ் தருவதாகப் பலகை தொங்கவிடும் கடைகளுக்குக் காசைக் கொட்டுவதும் வேண்டாம்.

மாணவரே, பல்கலைக்கழகத்தில் நுழைந்த முதல் வாரத்திலேயே சிறப்புப் பட்டத்துக்கான விதிகளைக் கேட்டறிவீர். புள்ளிவிவரவியலுக்கு அஞ்சற்க, பலர் வீழும் குழி அதுவே. ஆங்கிலத்தை நாளுக்கு ஒரு மணிநேரமேனும் வாசிப்பீர். விடுமுறையில், தகுதியுள்ள ஒருவரின் மேற்பார்வையில், வைத்தியசாலையிலோ முதியோர் இல்லத்திலோ தொண்டாற்றுவீர். உங்களை நேரில் அறிந்த விரிவுரையாளர் இருவரேனும் நற்சான்று எழுதும் நிலையை இரண்டாம் ஆண்டிலேயே தேடிக்கொள்வீர். ஆய்வு முன்மொழிவுக்குப் பொருள் தேடி வெளிநாட்டு ஏடுகளைப் புரட்டவேண்டியதில்லை. உங்கள் லயத்திலேயே இருக்கின்றது: குடி, கடன், பிள்ளையை விட்டு வளைகுடாவுக்குப் போன தாய்.

ஆசிரியர்களும் பட்டதாரிகளும் கிழமைக்கு ஒரு மாலையை யட்டவத்தப் பிள்ளைகளின் ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் ஒதுக்கினால் எவர் தடுப்பர்? தோட்ட மண்டபத்துத் திறவுகோலைக் கேட்டு வாங்குங்கள். வாக்குக் கேட்டு வருவோரிடம் மேற்கூறிய மூன்று கோரிக்கைகளையும் நீட்டி, ஏற்றுக்கொண்டேன் என்று கையொப்பம் பெறுங்கள். மறுப்பவரின் பெயரையும் குறித்துவையுங்கள்.