முதலில் குழந்தையின் இருக்கை, பிறகு கார்

கேள்வி: ஐந்து ஏக்கரில் நெல் சாகுபடி செய்கிறேன். மனைவி தலைப்பிரசவத்துக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம் உள்ள தாய்வீட்டுக்குப் போயிருக்கிறார். பெண் குழந்தை பிறந்திருக்கிறது. மூன்றாம் மாதம் எங்கள் ஊருக்கு அழைத்து வர வேண்டும். வீட்டில் ஒரு டி.வி.எஸ். 50-யும் ஒரு பைக்கும்தான் இருக்கின்றன. குழந்தைக்காக ஒரு சின்ன கார் வாங்கலாம் என்று நினைக்கிறேன். கையில் இரண்டரை லட்சம் ரூபாய் இருக்கிறது. மச்சான் கடன் போட்டுப் புது காரே எடுக்கச் சொல்கிறார். அப்பா பழைய கார் போதும் என்கிறார். அப்பாயியோ, "நான் மடியில வச்சுப் பிடிச்சுக்கிறேன், எந்த காரா இருந்தா என்ன?" என்கிறார். பயிரைப் பற்றிக் கேட்கும் இடத்தில் இதைக் கேட்பதற்கு மன்னிக்கவும். எந்த கார் வாங்கலாம்?
- வாசகர், ஒரத்தநாடு வட்டம்

பதில்: மன்னிப்பு எதற்கு? கார் வாங்கும் பணமும் வயலில் இருந்துதான் வருகிறது, தவணை கட்டும் பணமும் அங்கிருந்துதான் வர வேண்டும். ஆகவே இதுவும் விவசாயக் கேள்விதான். தாய்க்கும் குழந்தைக்கும் என் வாழ்த்துகள்.

எந்த கார் என்று முடிவு செய்யும் முன், அதில் குழந்தை எங்கே, எப்படி உட்காரும் என்று முடிவு செய்யுங்கள். அது தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

மடி இருக்கை ஆகாது

அப்பாயி சொன்னதைத்தான் நானும் ஒரு காலத்தில் நம்பினேன். என் பேத்திக்கு அப்போது நான்கு மாதம். திருவாரூர் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். அறுவடைக் காலம், சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. மீதிப் பாதியில் ஒரு கன்றுக்குட்டி குறுக்கே ஓடி வந்தது. பிரேக் போட்டேன். வேகம் முப்பதுக்கு மேல் இருக்காது. முன் இருக்கையில் என் மனைவி மடியில் பேத்தி. இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தும், குழந்தையின் தலை டேஷ்போர்டில் போய் இடித்தது. நெற்றியில் ஒரு வீக்கத்தோடு போயிற்று. முப்பது வருடமாக ஊர் ஊராகப் போய் "விதைநேர்த்தி செய்யாமல் விதைக்காதீர்கள்" என்று சொல்கிறவன் நான். என் பேத்தி விஷயத்தில் அந்த முன்யோசனை எனக்கு இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு புளியமரத்தில் மோதி, முன்பக்கம் அரை மீட்டர் நசுங்கி நிற்கிறது என்று வையுங்கள். உள்ளே இருப்பவர் மேல் அவரவர் எடையைப் போல ஏறத்தாழ 20 மடங்கு விசை விழும். ஆறு கிலோ குழந்தை அந்த நொடியில் 120 கிலோவாக இழுக்கும். கொள்முதல் நிலையத்தில் நாம் போடும் 40 கிலோ சிப்பம் மூன்று சேர்ந்த எடை. அதை உட்கார்ந்த நிலையில் கையால் பிடித்து நிறுத்த எந்த அப்பாயியாலும் முடியாது, பயில்வானாலும் முடியாது.

முன் இருக்கையில் தாய் மடியில் குழந்தை இருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். எதிரே இருக்கும் ஏர்பேக் பெரியவர்களுக்காகச் செய்யப்பட்டது. வெடித்து விரியும் வேகத்தில் அதுவே குழந்தையின் உயிருக்கு ஆபத்து. காருக்குள் சேலைத் தூளி கட்டுவதும் வேண்டாம். தூளி வீட்டு உத்தரத்துக்கு நல்லது, ஓடும் வண்டிக்கு அல்ல.

குழந்தைக்கு என்று ஓர் இருக்கை

கடையில் "பேபி கார் சீட்" என்று கேளுங்கள். பிறந்த குழந்தைக்கானது பின்நோக்கி, அதாவது குழந்தையின் முகம் காரின் பின்கண்ணாடியைப் பார்க்கும்படி பொருத்துவது. காரணம் இருக்கிறது. பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் கால் பங்கு தலைதான். கழுத்தோ இன்னும் கெட்டிப்படாதது. பின்நோக்கி இருந்தால் மோதலின் விசை முதுகு முழுவதும் பரவும், கழுத்தில் மட்டும் விழாது. குறைந்தது 15 மாதம் வரை இப்படித்தான் உட்கார வேண்டும். சீட் இடம் கொடுத்தால் அதற்கு மேலும் தொடரலாம்.

வாங்கும்போது அதில் ஆரஞ்சு நிற முத்திரை ஒட்டியிருக்கிறதா, வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும், ஆர்44/04 அல்லது ஆர்129 என்ற தர எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு முறை விபத்தில் சிக்கிய சீட்டை யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பொருத்திய பிறகு பெல்ட் ஓடும் இடத்தில் பிடித்து ஆட்டுங்கள், ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. குழந்தையின் வார் தோளுக்கு நேராகவோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். வாரை விரலால் கிள்ளினால் மடிப்பு வரக் கூடாது, வந்தால் தளர்வு. குழந்தையைத் துணியில் சுற்றி வாரைப் போடாதீர்கள். முதலில் வார், அதன் மேல் துணி. தாடை நெஞ்சில் முட்டாதபடி சாய்வு இருக்க வேண்டும், முட்டினால் மூச்சு தடைபடும். எவ்வளவு தூரமானாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வைத்திருக்க வேண்டாம். மூன்று மாதக் குழந்தையானால் அதற்கு முன்பே ஓர் இடத்தில் நிறுத்தி, தூக்கிப் பால் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். இந்த சீட்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கி வையுங்கள்.

ஷோரூமுக்குப் போகும்போது

சீட்டை முதலில் வாங்கி, அதைக் கையோடு ஷோரூமுக்கு எடுத்துப் போங்கள். காரின் பின் இருக்கையில் பொருத்தச் சொல்லுங்கள். பின்நோக்கிய சீட்டுக்கு இடம் அதிகம் வேண்டும். சில சின்ன கார்களில் அதைப் பொருத்தினால் முன்னால் இருப்பவர் காலை மடக்கக்கூட முடியாது. பொருத்திய பிறகு முன் இருக்கையில் நீங்கள் உட்காருங்கள், பின்னால் குழந்தைக்குப் பக்கத்தில் உங்கள் மனைவியை உட்காரச் சொல்லுங்கள். அவர் ஊரில் இருந்தால் உங்கள் அம்மாவை அழைத்துப் போங்கள். பிரசவமான உடம்பு, குனிந்து முறுக்கி ஏறும்படி இருக்கக் கூடாது. பின்கதவு அகலமாகத் திறக்க வேண்டும், இருக்கை கொஞ்சம் உயரமாக இருக்க வேண்டும்.

பின் இருக்கையில் தோளுக்கும் இடுப்புக்கும் வரும் பெல்ட் இருக்கிறதா, குழந்தை சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இருக்கின்றனவா, பின்கதவில் சைல்டு லாக் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

அடுத்து, மோதல் சோதனை. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்ற நம் நாட்டுச் சோதனை நடக்கிறது. அதற்கு முன்பிருந்தே குளோபல் என்கேப் என்ற அமைப்பு சோதித்து வருகிறது. இரண்டிலும் பெரியவர்களுக்கு ஒரு மதிப்பெண், குழந்தைகளுக்கு ஒரு மதிப்பெண் என்று தனித்தனியாக உண்டு. விளம்பரத்தில் பெரியவர்களுக்கான நட்சத்திரம்தான் பெரிதாகத் தெரியும். நீங்கள் குழந்தைக்கானதைக் கேளுங்கள். குளோபல் என்கேப் சோதனையில் 2020-ல் டாடா டியாகோ பெரியவர்களுக்கு 4, குழந்தைகளுக்கு 3 நட்சத்திரம் பெற்றது. 2021-ல் டாடா பஞ்ச் 5-ம் 4-ம் பெற்றது. 2023-ல் மாருதி வேகன்-ஆர் பெரியவர்களுக்கு 1, ஆல்டோ கே10 பெரியவர்களுக்கு 2. குழந்தைகளுக்கு இரண்டிலுமே பூஜ்யம். கார்கள் ஆண்டுக்கு ஆண்டு மாற்றப்படுகின்றன. ஆகவே நீங்கள் எடுக்கும் மாடலுக்கு, எடுக்கும் தேதியில் உள்ள முடிவைப் பாருங்கள். மைலேஜ் கேட்பதற்கு முன் இதைக் கேட்க வேண்டும்.

நம் டெல்டாவுக்கென்று சில இருக்கின்றன. வாய்க்கால் கரைச் சாலைக்கும் மழைக்காலத்துக்கும் தரையிலிருந்து உயரம் கூடுதலான கார் நல்லது. சிஎன்ஜி எடுத்தால் பெரும்பாலான கார்களில் டிக்கியின் பெரும்பகுதியைச் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும். சர்வீஸ் நிலையம் தஞ்சையிலோ மன்னார்குடியிலோ இருக்கிறதா என்று பாருங்கள். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் காரை நிறுத்தினால் எலி ஒயரைக் கடித்துவிடும், அதையும் நினைவில் வையுங்கள்.

மருந்து டப்பாவும் குழந்தையும்

இது வேளாண் அலுவலராக நான் கட்டாயம் சொல்ல வேண்டியது. நம் வீட்டில் கார் வந்தால் அதில் குழந்தை மட்டும் போகாது. யூரியா மூட்டை, நேர்த்தி செய்த விதை, பூச்சிமருந்து, ஸ்பிரேயர் எல்லாம் ஏறும். சின்ன காரில் டிக்கிக்கும் பின் இருக்கைக்கும் நடுவே மறைப்பு கிடையாது. டிக்கியில் இருக்கும் மருந்தின் ஆவியைத்தான் ஏ.சி. போட்ட காருக்குள் குழந்தை சுவாசிக்கும். குழந்தையின் மூச்சு நம்மைவிட வேகமானது, தோல் மெல்லியது, கையில் படுவதெல்லாம் வாய்க்குப் போகும். மருந்து லேபிளில் இருக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணம் நஞ்சின் கடுமையைக் காட்டுவது. பச்சைதானே என்று அதையும் குழந்தையின் காரில் ஏற்றாதீர்கள்.

கார் வந்ததும் டி.வி.எஸ். 50-யை விற்றுவிடாதீர்கள். வயல் வேலை அதற்கு, குடும்பம் காருக்கு. மருந்து தெளித்த உடையோடு காரில் ஏறாமல், குளித்து உடை மாற்றிய பிறகே ஏறுங்கள். டிக்கியில் கனமான பொருளைக் கட்டாமல் வைத்தால், பிரேக் போடும்போது அதுவும் முன்னால் பறந்து வரும். வெயிலில் நிறுத்திய காரில் ஐந்து நிமிடம்கூடக் குழந்தையைத் தனியே விடாதீர்கள். பத்தே நிமிடத்தில் உள்ளே பத்து டிகிரி அளவுக்குச் சூடு ஏறிவிடும்.

பணக் கணக்கு

2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்கு உட்பட்ட சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அது நல்ல செய்தி. ஆனால் 6 லட்சம் ரூபாய் காருக்கு நம் மாநிலத்தில் சாலை வரி 13 சதவீதம், அதாவது 78,000 ரூபாய். இன்சூரன்சும் சேர்த்தால் சாலைக்கு வரும்போது 7 லட்சத்தைத் தொடும். கையில் இரண்டரை போக, நாலரை லட்சம் கடன். ஒன்பதரை சதவீத வட்டியில் ஐந்து வருடம் என்றால் மாதம் சுமார் 9,450 ரூபாய், வருடத்துக்கு 1,13,400.

இப்போது வயலைப் பாருங்கள். 2025-26 பருவத்தில் சன்னரக நெல்லுக்கு ஊக்கத்தொகையோடு குவிண்டால் 2,545 ரூபாய். ஏக்கருக்கு 24 குவிண்டால் கண்டால் 61,080. எல்லாச் செலவும் போக ஏக்கருக்கு 25,000 நின்றால், ஐந்து ஏக்கருக்கு 1,25,000. ஒரு சம்பாவின் லாபம் கிட்டத்தட்ட முழுவதும் தவணைக்கே போய்விடும். அறுவடை நேரத்து மழையில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டி நெல் களத்தில் கிடந்தால், தவணை தேதி அதற்காகக் காத்திருக்காது.

பயிர்க்கடனையோ, விவசாய நகைக்கடனையோ காருக்குத் திருப்பாதீர்கள். அடுத்த பட்டத்துக்கு உரம் வாங்கக் கந்துவட்டிக்குப் போகும்படி ஆகிவிடும். அறுவடையை ஒட்டி அரையாண்டுத் தவணை தருவார்களா என்று வங்கியில் வாய்விட்டுக் கேளுங்கள்.

என் முடிவு

நீங்கள் கேட்ட கேள்விக்கு நேரடி விடை இதுதான். சீட்டை இப்போதே வாங்குங்கள், காரை அடுத்த அறுவடை வரை தள்ளிப் போடுங்கள். மூன்றாம் மாதம் அழைத்து வர வாடகைக் கார் பேசுங்கள். பேசும்போதே பின் இருக்கை பெல்ட் வேலை செய்கிறதா என்று கேளுங்கள். பல வாடகைக் கார்களில் சீட் கவருக்கு அடியில் பெல்ட் பூட்டு புதைந்து கிடக்கும், முதல் நாளே எடுத்துவிடச் சொல்லுங்கள். பகலில் புறப்படுங்கள். இரவில் விளக்கில்லாத டிராக்டர் டிரெய்லரும், சாலையில் காயும் நெல்லும் கண்ணுக்குத் தெரியாது. தடுப்பூசிக்கு ஆரம்ப சுகாதார நிலையம் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும். அவசரத்துக்கு 108 இருக்கிறது. ஆகவே ஒரு பட்டம் பொறுப்பதால் குழந்தைக்குக் குறை வராது.

அடுத்த அறுவடையில் கையிருப்பு நாலு லட்சம் ஆகிவிட்டால், குழந்தைகளுக்கான மதிப்பெண் நன்றாக உள்ள காராகப் பார்த்து எடுங்கள். பணம் போதாவிட்டால் அலாய் சக்கரத்தையும் பெரிய டிவி திரையையும் விடுங்கள். குழந்தையின் சீட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இதையொட்டி வந்த இரண்டு கேள்விகள்

கேள்வி: கார் வாங்கும் வசதி இல்லை. கைக்குழந்தையைப் பைக்கில் அழைத்துப் போகலாமா?
- வாசகி, பாபநாசம் வட்டம்

பதில்: 2023 பிப்ரவரி 15 முதல் உள்ள விதிப்படி, 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தையை ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்பு வார், குழந்தை அளவு ஹெல்மெட், 40 கி.மீ.க்கு மிகாத வேகம் மூன்றும் கட்டாயம். ஒன்பது மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தலையும் கழுத்தும் ஹெல்மெட்டைத் தாங்காது. பேருந்தில் போங்கள். கொஞ்சம் நேரமானாலும் பரவாயில்லை.

கேள்வி: பழைய கார் வாங்கினால் குழந்தை விஷயத்தில் எதைக் கவனிப்பது?
- வாசகர், மன்னார்குடி

பதில்: 2019 ஜூலைக்கு முந்தைய கார்களில், விலை குறைந்த வகைகளுக்கு ஏர்பேக்கே இல்லாமல் இருக்கலாம். அதற்குப் பிந்தையதாகப் பாருங்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியாவிட்டாலும் சந்தேகம், அணையாவிட்டாலும் சந்தேகம். பின் இருக்கை பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுங்கள். சேற்றுக் கறை இருந்தால் அது வெள்ளத்தில் மூழ்கிய கார். 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட கார்கள் பழைய கார் சந்தைக்கு வந்தன. ஆர்.சி. புத்தகத்தில் கடன் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் காரில் அழைத்துப் போனால், மோட்டார் வாகனச் சட்டம் 194-பி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம். அபராதத்துக்காகச் சொல்லவில்லை. என் பேத்திக்கு இப்போது தானாகவே பெல்ட் போடத் தெரியும். நான் மறந்தால், "தாத்தா, பெல்ட்" என்று அவள்தான் நினைவுபடுத்துகிறாள்.